எவன்டேல் சைக்கிள் திருவிழாவுக்கு பைக்கில் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் வடபகுதியில் எவன்டேல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. லான்செஸ்டன் விமான நிலையத்திலிருந்து பைக்கில் பத்து நிமிடம்கூட ஆகாது. பிப்ரவரி மாதத்தில் ஒரு வார இறுதியில் அந்த ஊர்த் தெருக்களை அடைத்துவிட்டு, ஆள் உயரச் சக்கரம் வைத்த பழைய சைக்கிள்களில் பந்தயம் விடுகிறார்கள். பென்னி ஃபார்திங் என்று அந்த சைக்கிளுக்குப் பெயர். 1983இல் தொடங்கிய இந்தப் போட்டிக்கு இப்போது ஆஸ்திரேலியாவின் பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் தங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நான் மெல்பர்னில் இருக்கிறேன். மூன்று முறை பைக்கில் போய் வந்துவிட்டேன். காரில் போகலாம், விமானத்தில் போகலாம், தப்பில்லை. ஆனால் டெவன்போர்ட் துறைமுகத்திலிருந்து எவன்டேல் வரை இருக்கிற சிற்றூர்களை இரண்டு சக்கரத்தில் கடந்து போனால்தான் அந்தத் திருவிழா முழுசாகப் பிடிபடும் என்பது என் எண்ணம். முதல் தடவை போகிறவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் டாஸ்மேனியா சின்னதாகத் தெரியும். 'ஒரே நாளில் அந்தக் கோடிக்குப் போய்விடலாம்' என்று மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மிஞ்சினால் 200. அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். காரணம் போகப் போகப் புரியும்.

முதல் வேலை, கப்பல் டிக்கெட்

திருவிழாத் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். அதை உறுதி செய்துகொண்ட கையோடு கப்பலுக்குப் பதிவு செய்துவிடுங்கள். பிப்ரவரி அங்கே கோடைக்காலம், சுற்றுலாக் கூட்டம் நிறைய. கடைசி நேரத்தில் தேடினால் ஆளுக்கு இடம் இருக்கும், வண்டிக்கு இருக்காது.

'ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா' கப்பல் முன்பு மெல்பர்னிலிருந்தே புறப்பட்டது. 2022 அக்டோபரிலிருந்து ஜீலாங்கிலிருந்து கிளம்புகிறது. மெல்பர்ன் ஆட்கள் அதற்காக ஒரு மணி நேரப் பயணத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பாஸ் நீரிணையைக் கடந்து டெவன்போர்ட் சேர பத்து, பதினோரு மணி நேரம் ஆகும். இரவுக் கப்பலில் ஏறினால் விடிகாலையில் இறங்கலாம். நான் எப்போதும் அதைத்தான் எடுப்பேன். அந்தக் கடல் சில நாட்களில் நன்றாகவே ஆட்டும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை.

துறைமுகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவது நல்லது. பைக்குகளைத் தனி வரிசையில் விடுவார்கள். உள்ளே இரும்புத் தளம், ஈரமாக இருந்தால் வழுக்கும். முன் பிரேக்கைத் தொடாமல், முதல் கியரில், காலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி மெதுவாக ஏறுங்கள். கட்டுகிற பட்டைகள் கப்பலிலேயே இருக்கும். பைக்கை கியரில் போட்டு, பக்க ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டையை இறுக்குவதற்கு முன்னால் சீட்டின் மேல் ஒரு பழைய துண்டை மடித்துப் போடுங்கள். அது இல்லாமல் இறுக்கினால் பட்டை உராய்ந்த தழும்பு சீட்டில் காலத்துக்கும் நிற்கும். கட்டியதும் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு தடவை உலுக்கிப் பாருங்கள். பைக்கும் தரையும் ஒன்றாக அசைவது போல் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அங்கே வேலை பார்ப்பவரைக் கூப்பிடுங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொன்று. கப்பல் கிளம்பிய பிறகு வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். இரவுக்குத் தேவையான துணி, மருந்து, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. டாஸ்மேனியாவுக்குள் பழம், காய்கறி, செடி கொடி எதையும் கொண்டுபோகக் கூடாது. அந்தத் தீவின் விவசாயத்தைப் பூச்சியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பாற்ற அவர்கள் வைத்திருக்கும் சட்டம் அது. மோப்ப நாயும் இருக்கும். வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் கப்பலிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சமைக்கிற பழக்கத்தில் கறிவேப்பிலைக் கொத்து, எலுமிச்சம்பழம் என்று பையில் ஏதாவது கிடக்கிறதா என்று முந்தின நாளே துழாவிப் பார்த்துவிடுங்கள்.

வண்டியும் உடுப்பும்

சொந்த பைக் இருந்தால் டயர், செயின், பிரேக் பட்டை மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெரிய வண்டிதான் வேண்டும் என்றில்லை. 300, 400 சிசி போதும். நாட்டுப்புறச் சாலையில் பொதுவாக வேக வரம்பு 100, ஊருக்குள் 50. அந்த 100ஐக் கஷ்டப்படாமல் தொடுகிற வண்டியாக இருந்தால் சரி.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலாவாக வந்து வாடகைக்கு எடுப்பவர்கள் லைசென்ஸை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அது ஆங்கிலத்தில் அச்சானதாக இருக்க வேண்டும், கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதியும் அதில் இருக்க வேண்டும். வாடகைக்கு விடுபவர்கள் வயது, அனுபவம் என்று தனியாகவும் நிபந்தனை வைப்பார்கள். நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது பெரிய நிம்மதி. ஹெல்மெட்டை ஊரிலிருந்து கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் உள்ளது இங்கே செல்லாது. ஆஸ்திரேலியத் தரமோ, ஐரோப்பாவின் இசிஇ தரமோ இருக்க வேண்டும்.

பிப்ரவரி கோடைதான் என்றாலும் மழைக்கோட்டும் கதகதப்பான உள்சட்டையும் கட்டாயம். காலையில் வெயில், மதியம் மழை, சாயங்காலம் எலும்பைத் தொடும் காற்று என்று ஒரே நாளில் மாறும். வெயில் அடித்தால் நம் ஊர் வெயிலைவிடச் சீக்கிரம் தோலைச் சுட்டுவிடும். கழுத்துக்குப் பின்னால் சன்ஸ்கிரீன் தடவ மறந்துவிடுவோம், அங்கேதான் முதலில் எரியும்.

டெவன்போர்ட்டிலிருந்து ஊர் ஊராக

இறங்கியதும் நேராக நெடுஞ்சாலையைப் பிடித்தால் லான்செஸ்டன் 100 கிலோமீட்டர். அதைச் செய்யாதீர்கள். தெற்கே திரும்பி ஷெஃபீல்ட் போங்கள், சுமார் 30 கிலோமீட்டர். ரோலண்ட் மலை எதிரே எழுந்து நிற்க, அதன் அடிவாரத்தில் இருக்கிற ஊர். 1980களில் வருமானம் குன்றியபோது ஊர்க்காரர்கள் கூடி, சுவர்களில் ஓவியம் வரைய ஆரம்பித்தார்கள். இன்று கடைச் சுவர், வீட்டுச் சுவர் என்று எங்கு திரும்பினாலும் அந்தப் பகுதியின் கதைதான். வண்டியை ஓரமாக விட்டு நடந்தே பாருங்கள். காலை ஏழு மணிக்குப் போனால் தெருவில் நீங்களும் ஓவியங்களும் மட்டும்தான்.

அங்கிருந்து மோல் கிரீக் வழியாக டெலோரெய்ன். இந்தப் பாதை வளைந்து வளைந்து மலையடிவாரத்தை ஒட்டிப் போகும். பண்ணை வாசல்களில் டிராக்டர் இழுத்துப் போட்ட மண்ணும் சரளையும் சாலையில் கிடக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் சரளையைப் பார்த்து பிரேக் பிடித்தால் முன் சக்கரம் நழுவிவிடும். மரத்தடி ஏற்றிய லாரிகள் எதிரே வரும். அவை கடந்து போகும்போது காற்று வந்து தள்ளும், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக, ஆனால் உறுதியாக வைத்திருங்கள்.

டெலோரெய்னில் ஆற்றங்கரையில் ஒரு காபி. அப்புறம் வெஸ்ட்பரி, அங்கிருந்து லாங்ஃபோர்ட்.

லாங்ஃபோர்டில் கொஞ்சம் நில்லுங்கள். பார்த்தால் செங்கல் வீடுகளும் தேவாலயமும் உள்ள அமைதியான ஊர். 1953 முதல் 1968 வரை இந்த ஊர்ச் சாலைகளிலேயே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. சுமார் ஏழேகால் கிலோமீட்டர் சுற்று. பாலம், ரயில் மேம்பாலத்தின் அடி, மதுக்கடை மூலை எல்லாம் பந்தயத் தடத்தின் பகுதிகள். ஆஸ்திரேலிய கிராண்ட் பிரி போட்டியே 1959இலும் 1965இலும் இங்கே நடந்தது. 1965இல் ஜெயித்தவர் புரூஸ் மெக்லாரன். அந்த ரயில் மேம்பாலத்தின் கீழே பைக்கை நிறுத்தி, செங்கல் தூண்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். அதற்குள் அந்த வேகத்தில் எப்படி நுழைந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. பக்கத்திலேயே பிரிக்கென்டன், வூல்மர்ஸ் என்று இரண்டு பழைய பண்ணைகள். பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் நடந்தவை. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நேரம் இருந்தால் ஒன்றையாவது பாருங்கள்.

இங்கிருந்து எவன்டேல் கால் மணி நேரம்தான்.

இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள்

தினமும் 150 கிலோமீட்டர் போதும் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். டாஸ்மேனியாவில் பொழுது சாய்ந்ததும் விலங்குகள் சாலைக்கு வரும். வாலபி, அதைவிடச் சின்னதான பேடிமெலன், உருண்டு திரண்ட வாம்பட். பகலில் போகும்போதே சாலையோரம் அடிபட்டுக் கிடப்பவற்றை நிறையப் பார்ப்பீர்கள். ஒரு வாம்பட் 25 கிலோவுக்கு மேலும் இருக்கலாம். குட்டையாக, கெட்டியாக, ஒரு பாறாங்கல் மாதிரி. காரில் இடித்தால் பம்பர் போகும். பைக்கில் இடித்தால் ஆள் போய்விடுவார்.

என் முதல் பயணத்தில் திருவிழா முடிந்த பிறகு கிழக்குக் கடற்கரை வரை போய்விட்டு, செயின்ட் மேரிஸிலிருந்து ஃபிங்கல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். வெளிச்சம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இடது பக்கப் புல்லிலிருந்து ஒரு வாலபி சாலைக்குள் துள்ளி, நடுவில் நின்று, என் விளக்கைப் பார்த்தது. நான் 80இல் வந்துகொண்டிருந்தேன். நேராகப் பிடித்து பிரேக் அடித்தேன். நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பைக் நீளம்தான் இருந்தது. அது அவசரப்படாமல் மறுபக்கம் போய்விட்டது. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. மீதி வழி முழுக்க 40க்கு மேல் போகவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்குமிடத்தில் இருப்பது என்பது எனக்கு விதி. பிப்ரவரியில் வெளிச்சம் எட்டு மணி வரைகூட இருக்கும், இருந்தாலும் அந்த இடைவெளி வேண்டும். வண்டி பழுதாகலாம், வழி தவறலாம், அதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

எதிரே விலங்கு வந்துவிட்டால் ஒதுங்கித் திருப்பப் பார்க்காதீர்கள். அது எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. வண்டியை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைப்பதுதான் வழி. நாட்டுப்புறத்தில் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் செல்போன் சிக்னல்தான் ஓரளவு கிடைக்கும். அவசர உதவிக்கு எண் 000.

தங்குமிடம், சாப்பாடு, பெட்ரோல்

எவன்டேலில் அறைகள் மிகக் குறைவு. திருவிழா வாரத்தில் அங்கே கிடைக்காது என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். லாங்ஃபோர்ட், பெர்த், இல்லாவிட்டால் 20 கிலோமீட்டரில் லான்செஸ்டன். இந்தப் பெர்த் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற பெரிய நகரம் இல்லை, பதிவு செய்யும்போது மாநிலத்தைப் பார்த்துப் போடுங்கள்.

சின்ன ஊர்களில் பேக்கரிதான் நம் கோவில். டாஸ்மேனியாவில் ஸ்காலப் என்ற சிப்பிக் கறியை மசாலாப் பொடி போட்ட குழம்பில் வேகவைத்து, மாவுக்குள் வைத்து மூடி 'பை' (pie) என்ற பண்டமாகச் சுடுகிறார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் தவறவிடக் கூடாது. சைவக்காரர்களுக்குக் காய்கறி பேஸ்டி, சீஸ் போட்டு வாட்டிய ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். பேக்கரி மதியத்துக்குப் பிறகு அடைத்துவிடும், பப் சமையலறை எட்டு மணியோடு முடிந்துவிடும். பெட்ரோல் பங்க்கும் அப்படித்தான். பாதி டேங்க் காலியானதும் போட்டுவிடுங்கள். சில இடங்களில் சாதாரண ரகம் மட்டும்தான் இருக்கும்.

திருவிழா அன்று

காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். நடுத்தெருக்கள் அடைபட்டிருக்கும். பைக்கை ஊரின் ஓரத்தில் நிறுத்தச் சொல்வார்கள், பெரும்பாலும் புல்தரை. பக்க ஸ்டாண்ட் மண்ணில் புதைந்து வண்டி சாயும். கையகலத் தட்டைக் கல்லோ, நசுக்கிய தகர டப்பாவோ அடியில் வையுங்கள். ஜாக்கெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்க முடியாது, சாதாரணச் செருப்பும் தொப்பியும் பையில் இருக்கட்டும்.

பார்க்கப் போவது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் ரசிப்பு கூடும். பிரிட்டனின் பெரிய பென்னி காசையும் அதில் கால் பங்கு மதிப்புள்ள ஃபார்திங் காசையும் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி முன் சக்கரமும் பின் சக்கரமும். 1870களில் வந்த வடிவம். செயின் கிடையாது, பெடல் நேராக முன் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கிறது. ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரே சுற்று. வேகம் வேண்டும் என்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் ஒரே வழி. 54 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்கு நாலேகால் மீட்டருக்கு மேல் போகும். எவ்வளவு பெரிய சக்கரம் என்பதை ஓட்டுகிறவரின் கால் நீளம் தீர்மானிக்கும். அதனால் இந்த சைக்கிளை சட்டை மாதிரி அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஓட்டுகிறவர் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறார். கல் தட்டினாலோ, பிரேக்கை அழுத்திப் பிடித்தாலோ சைக்கிள் பின்னாலிருந்து எழும்பி அவரைத் தலைகுப்புறத் தூக்கிப் போடும். அதனால்தான் அந்தக் காலத்தில் இறக்கத்தில் கால்களை ஹேண்டில்பாருக்கு மேலே போட்டுக்கொண்டு போனார்கள். விழுந்தாலும் காலில் விழலாம் அல்லவா. இந்த ஆபத்துக்குத் தீர்வாகத்தான் 1885இல் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், செயின் வைத்த ரோவர் சைக்கிள் வந்தது. நாம் வாடகைக்கு எடுத்து குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட சைக்கிள் அந்த வழியில் வந்ததுதான். இன்னொரு செய்தி. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, இந்த உயரச் சக்கரத்திலேயே உலகத்தைச் சுற்றினார். 1886இல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் மிதித்திருக்கிறார்.

பந்தயம் தொடங்குவதற்கு முன்னால், ஆட்கள் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பின் சக்கரத்துக்குச் சற்று மேலே முதுகெலும்புக் குழாயில் ஒரு சின்னப் படி இருக்கும், கட்டைவிரல் நீளம்தான். இடது காலை அதில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி மூன்று நான்கு எட்டு ஓடுகிறார்கள். சைக்கிள் நகர ஆரம்பித்ததும் படியில் எழுந்து நின்று, முன்னால் சரிந்து சீட்டில் உட்கார்ந்து, சுற்றிக்கொண்டிருக்கிற பெடலைக் காலால் தேடிப் பிடிக்கிறார்கள். பெடல் ஒருபோதும் நிற்காது, சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும், நீளப் பாவாடையும் வைக்கோல் தொப்பியுமாக வந்து ஒரே மூச்சில் ஏறிப் போனார். நான் கை தட்டவும் மறந்து நின்றேன்.

நிற்க வேண்டிய இடம், வளைவு. நேர்ச்சாலையில் சர்ரென்று போய்விடுவார்கள், ஒன்றும் தெரியாது. வளைவில்தான் வித்தை இருக்கிறது. மிதிக்கிற சக்கரத்தையே திருப்பவும் வேண்டும். திருப்பினால் டயர் தொடையில் உரசும். உடம்பை உள்பக்கம் சாய்த்து, ஒரு காலால் அழுத்திக்கொண்டே கையால் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பார்க்கும்போது தன் உடம்பிலேயே அந்தச் சாய்வு தெரியும்.

ஆனால் நான் உயிரைக் கொடுத்துப் பார்ப்பது மெதுவாக ஓட்டும் போட்டியை. நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டில், பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்களே, அதேதான். கடைசியாக வருபவர் ஜெயித்தார். கால் தரையில் படக் கூடாது. அதை அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து செய்கிறார்கள். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவர் சாய ஆரம்பித்ததும் 'அய்யோ' என்று ஒரே குரலில் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்கு மொழியே தேவையில்லை.

சில மரியாதைகள் உண்டு. தடத்தின் ஓரம் வைத்திருக்கிற வைக்கோல் கட்டுகளைத் தாண்டிக் குறுக்கே போகாதீர்கள், இந்த சைக்கிளை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிளைக் கேட்காமல் தொடாதீர்கள், அவற்றில் சில, நூறு வயதை எப்போதோ கடந்தவை. கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள், டயரில் காற்று இல்லை, கெட்டி ரப்பர்தான் என்று அழுத்திப் பார்க்கவும் விடுவார்கள். கடைகளில் செலவழிக்கக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

மறுநாள் நேரம் இருந்தால் தெற்கே இறங்குங்கள். 50 கிலோமீட்டரில் கேம்பெல் டவுன். 1838இல் கைதிகள் கட்டி முடித்த சிவப்புச் செங்கல் பாலத்தின் மேல் இன்றும் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஊர் நடைபாதையில் கைதிகளின் பெயரும் குற்றமும் பொறித்த செங்கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். ரொட்டி திருடியதற்காகவும் துணி திருடியதற்காகவும் உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டவர்களின் பெயரை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடப்பேன். இன்னும் 12 கிலோமீட்டர் போனால் ராஸ். அங்கே 1836இல் கட்டிய கல் பாலத்தின் வளைவுகளில் 186 சிற்பங்கள். மேலே நின்றால் தெரியாது, ஆற்றங்கரைக்கு இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

ராஸிலிருந்து டெவன்போர்ட் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரவுக் கப்பல் என்றால் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுங்கள், சாலையில் வெளிச்சம் இருக்கும்போதே துறைமுகத்தில் இருப்பீர்கள். டெவன்போர்ட்டில் பெட்ரோல் போட்டுவிட்டு, செயினில் எண்ணெய் விட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். அந்த வரிசையிலேயே, கார்களின் கூரைமேல் கட்டிய பெரிய சக்கரங்கள் நாலைந்தாவது தெரியும். போய்ப் பேசுங்கள், கப்பல் ஏறும்வரை நேரம் இருக்கிறது.